மகனுக்கு ஹைலக்ஸ் பழக்குறது

அண்ணை, 17 வயசு மகன் பழைய ஹைலக்ஸ் பிக்கப்பை எடுக்கேக்க ஒவ்வொரு தரமும் எஞ்சின் நிண்டுபோகுது எண்டு எழுதியிருந்தீங்கள். லைசென்ஸ் 18இல தான், ஏ9 பெருந்தெருப் பக்கம் இப்ப விடாதேங்கோ. அரிவு வெட்டின காய்ஞ்ச வயல் போதும். உங்கட சொந்த வயலா இருக்கட்டும், மிதிவெடிப் பலகை நிண்ட பக்கம் வேண்டவே வேண்டாம்.

அங்க 4எல்லில (நாலு சில்லும் இழுக்கிற மெதுவான கியர்) போட்டு, ஆக்சிலேட்டரில கால் வைக்காமல் கிளச்சை மட்டும் மெள்ள விடச் சொல்லுங்கோ. ஆமை மாதிரித் தானே நகரும். கிளச் எங்க பிடிக்குதெண்டு கால் அப்பத்தான் படிக்கும். தார் றோட்டில ஏறமுதல் 2எச்சுக்கு (பின்சில்லு ரெண்டு மட்டும் இழுக்கிற சாதாரண கியர்) மாத்துங்கோ, இல்லாட்டி திருப்பேக்க இறுகும்.

பிறகு சில்லு எங்க போகுதெண்டு பழக, வெறும் பிளாஸ்ரிக் போத்தலை வைச்சு, இடப்பக்க முன்சில்லால நசிக்க விடுங்கோ. என்ர மகள் அஞ்சாம் நாள்தான் நசிச்சவள். கத்தாதேங்கோ, நான் கத்தினதில ஒரு வேலி போச்சு.