தகப்பன் அன்பையே அறியாத ஒருவர் கடவுளை எப்படிப் 'பிதாவே' என்று அழைப்பது?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: சிறுவயதிலேயே அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார், போகும்வரைக்கும் அடியும் ஏச்சும்தான். இப்போது ஒரு சபைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். 'கடவுள் உன்னைத் தகப்பனைப் போல நேசிக்கிறார்' என்று பிரசங்கத்தில் கேட்டாலே மனம் மூடிக்கொள்கிறது. என்ன செய்வது?

அப்படி மனம் மூடிக்கொள்வது விசுவாசக் குறைவு இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நான் மட்டக்களப்பு. இங்கே அப்பா இல்லாமல் வளர்ந்தவர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். 1990இல் யுத்தத்தில் காணாமல் போனவர்களின் பிள்ளைகள், 2004 சுனாமி கொண்டுபோனவர்களின் பிள்ளைகள், அப்பா கட்டாரிலோ சவூதியிலோ உழைக்க, அவரைப் போனில் மட்டும் தெரிந்த பிள்ளைகள். என் அப்பாவும் 1990இல் போனவர்தான். நான் அப்போது கைக்குழந்தை. ஞாயிறு பாடசாலையில் எல்லாரும் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும்போது நான் வாய் திறக்கமாட்டேன். 'உம்முடைய நாமம்' என்று வரும்போதுதான் சேர்ந்துகொள்வேன். ஆகவே நீங்கள் சொல்வது எனக்கு நன்றாக விளங்குகிறது.

'உன் அப்பாவை நினைத்துக்கொள், கடவுள் அவரைவிடப் பெரிய அப்பா' என்று நல்ல மனதோடுதான் பலர் சொல்கிறார்கள். ஆனால் தொடங்கும் இடம் அதுவல்ல. இயேசு அப்படித் தொடங்கவில்லை. மீன் கேட்கிற மகனுக்கு எந்தத் தகப்பனாவது பாம்பைக் கொடுப்பானா என்று லூக்கா 11இல் கேட்கிறாரே, அங்கேகூட அந்தத் தகப்பன்மாரைப் 'பொல்லாதவர்களாகிய நீங்கள்' என்றுதான் சொல்கிறார். பூமியிலுள்ள அப்பாமாரை அவர் பூசி மெழுகவில்லை. பரம பிதா எப்படிப்பட்டவர் என்பதற்கு அவர் வேறொரு கதை சொன்னார்.

அது லூக்கா 15. இளைய மகன் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்புகிறான். அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டு, மனதுருகி, ஓடுகிறார். வீடு, நிலம், வேலைக்காரர் என்று இருக்கிற ஒரு பெரிய மனிதர், ஊர் பார்க்க, உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவது எங்கள் ஊரிலும் நடக்காது. மகன் வழியில் பாடமாக்கிக்கொண்டு வந்த மன்னிப்பை முழுக்கச் சொல்லி முடிக்கவும் அவர் விடவில்லை. பலரும் கதையை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு வருவதுதான் பெரிது. மூத்தவன் கோபத்தில் உள்ளே வராமல் வெளியே நிற்கிறான். தகப்பன் விருந்தை விட்டுவிட்டு அவனிடமும் வெளியே வந்து கெஞ்சுகிறார். ஓடிப்போனவனிடமும் வெளியே வருகிறார், வீட்டிலேயே இருந்து மனம் கசந்தவனிடமும் வெளியே வருகிறார். 'கடவுள் எல்லாரையும் நேசிக்கிறார்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். இந்தக் கதையில் அந்த அன்பு ஆளுக்கு ஆள் தனித்தனியாக நடந்து வருகிறது. கசப்போடு வாசலில் நிற்கிற உங்களிடமும் அவர் வருகிறார் என்றே நான் நம்புகிறேன்.

சரி, இதை வாசித்தால் மட்டும் மனம் திறந்துவிடுமா? எனக்குத் திறந்தது என் மாமாவால். எங்கள் பக்கம் குடிவழி தாய்வழியாகத்தான் வரும், தாய்மாமனுக்கு வீட்டில் தனி இடம் உண்டு. மாமா சைவம், மாமாங்கக் கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கல்லடியிலிருந்து பாலத்தைக் கடந்து டவுனுக்கு, சைக்கிள் பாரில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய் ஞாயிறு பாடசாலையில் விட்டுவிட்டு, முடியும்வரை வெளியே மரத்தடியில் நிற்பார். பார் இரும்பு தொடையை அறுக்கும் என்று தோளில் கிடக்கும் துவாயை நாலாக மடித்து அதில் போட்டு, அதன்மேல்தான் என்னை இருத்துவார். பழைய பாலம் ஒடுக்கம். எதிரே வாகனம் வந்தால் இறங்கி ஓரமாக உருட்டிக்கொண்டே, "கால் நோகுதா மனே?" என்று கேட்பார். துவாய் போடச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

'நீங்கள் வேண்டிக்கொள்ளுகிறதற்கு முன்னமே உங்களுக்கு இன்னது தேவை என்று உங்கள் பிதா அறிந்திருக்கிறார்' என்ற மத்தேயு 6ஆம் அதிகார வசனத்தை வளர்ந்த பிறகு வாசித்தபோது, எனக்கு அந்தத் துவாய்தான் ஞாபகம் வந்தது. கடவுள் மாமாவைப் போன்றவர் என்று நான் சொல்லவரவில்லை. மாமாவிடம் இருந்த அந்த அக்கறை கடவுளிடமிருந்து வந்தது என்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்திருப்பார், அம்மம்மாவோ, ஒரு ரீச்சரோ, பக்கத்து வீட்டுக்காரரோ. யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2019 உயிர்த்த ஞாயிறன்று எங்கள் ஊர் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு பாடசாலை முடிந்து நின்ற பிள்ளைகளும் இறந்தார்கள். அப்படியானால் தகப்பன் எங்கே? பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் 'கர்த்தர் எடுத்துக்கொண்டார்' என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. இறந்துபோன தன் நண்பன் லாசருவின் கல்லறையருகே இயேசு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை, அழுதார். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் அவரே, வரப்போகும் பாடுகளை நினைத்து, 'இந்தப் பாத்திரத்தை நீக்கும்' என்று பிதாவிடம் கேட்டார், அது நீங்கவில்லை. ஆகவே பிதாவின் அன்பு என்றால் நமக்கு ஒன்றும் நடக்காது என்ற உத்தரவாதம் என்று யாரும் உங்களிடம் விற்கக்கூடாது. மரணமானாலும் ஜீவனானாலும் அந்த அன்பைவிட்டு நம்மைப் பிரிக்கமாட்டாது என்று பவுல் ரோமர் 8இல் எழுதுகிறார். வாக்கு அதுதான். அது சிறிய வாக்கு இல்லை.

இனி, ஜெபத்துக்கு வருகிறேன். சுவிசேஷங்களில் இயேசுவின் ஜெபங்களைப் பாருங்கள். எப்போதும் 'பிதாவே' என்றுதான் தொடங்குவார். ஒரேயொரு தடவை, சிலுவையில், 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று 22ஆம் சங்கீதத்தின் வார்த்தைகளால் கதறினார். அந்த ஜெபத்தில் 'பிதாவே' இல்லை. பிதா அந்த நேரத்திலும் அவருடைய பிதாதான். அதே சிலுவையில் 'பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்' என்றும் சொன்னார் என்று லூக்கா எழுதியிருக்கிறார்.

ஆகவே உங்களுக்கு அந்த வார்த்தை வரவில்லையென்றால் இப்போதைக்கு வற்புறுத்தாதீர்கள். 'கர்த்தாவே' என்றே கூப்பிடுங்கள். 27ஆம் சங்கீதத்தை எடுத்து மெதுவாக வாசியுங்கள். 'என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்' என்று அதன் 10ஆம் வசனத்தில் இருக்கிறது. அப்பாவின் மேலுள்ள கோபத்தையும் மறைக்காமல் ஜெபத்தில் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் போதகரிடமும் இதையெல்லாம் ஒருமுறை மனம்விட்டுக் கதையுங்கள். உங்கள் சபையிலேயே இதே நிலையில் இன்னும் சிலர் இருப்பார்கள், அவருக்கும் அது தெரியவேண்டும்.