வாயைக் கட்டத் தெரியாதவளா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

என் தங்கைக்கு வயது 22. குண்டும் அல்ல, ஒல்லியும் அல்ல. சென்ற மாதம் பற்கூச்சத்துக்காகப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மேல்வரிசை முன்பற்களின் உட்புறம் எனாமல் கரைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, என்னை வெளியே இருக்கச் சொல்லி அவளிடம் ஏதோ கேட்டார். அன்றிரவு அவளே என்னிடம் சொன்னாள். பள்ளி இறுதி ஆண்டிலிருந்தே, வீடு உறங்கிய பின் கிடைத்ததையெல்லாம் தின்றுவிட்டு வாந்தி எடுக்கிறாளாம். சில நாட்களில் மலமிளக்கி மாத்திரையும் உண்டாம்.

அவள் சம்மதத்துடன் வீட்டில் சொன்னேன். "வாயைக் கட்டத் தெரியாதவள்" என்றார் அப்பா. சாப்பிட்டு முடித்ததும் அம்மா குளியலறை வாசலில் காவல் நிற்கிறார். தின்பண்ட அலமாரிக்குப் பூட்டு போட்டாயிற்று. தங்கை இப்போது பகலில் ஒன்றுமே உண்பதில்லை. அப்படியும் இரவில் நடப்பது நிற்கவில்லை. இது நோயா, பழக்கமா? மன உறுதி இருந்தால் விட்டுவிடலாம் என்கிறார்களே, உண்மையா? எந்த மருத்துவரிடம் போவது? பெயரில்லாமல் வெளியிடலாம்.

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

பகலில் உண்ணாமல் இருப்பதால்தான் இரவில் நடப்பது நிற்கவில்லை. நான் சொல்ல விரும்புவதில் முக்கியமானது இதுதான்.

உங்கள் அப்பா நினைப்பதற்கு நேர்மாறானது உண்மை. புலிமியா என்னும் இந்த உண்ணல் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோர் வாயைக் கட்டுவதில் நம்மையெல்லாம் விடத் தீவிரமானவர்கள். இதைத் தொடக்கூடாது, இத்தனை மணிக்கு மேல் கூடாது என்று ஒரு சட்டப் புத்தகமே மனதுக்குள் வைத்திருப்பார்கள். காலையில் ஒன்றுமில்லை, மதியம் பெயருக்குக் கொஞ்சம். இரவில் ஏதோ ஒரு விதி உடைகிறது. உடைந்ததும் 'இனி என்ன' என்று எல்லாமே உடைந்துவிடும். பிறகு அச்சம், வாந்தி, வெட்கம். நாளை முதல் இன்னும் கடுமையாக இருப்பேன் என்ற சபதம். அந்தச் சபதமே அடுத்த இரவுக்கான ஏற்பாடு. நீருக்கடியில் மூச்சடக்கி மேலே வந்தவனிடம் நிதானமாக மூச்சு விடு என்று சொல்லிப் பயன் உண்டா?

மன உறுதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, அதற்கு மாற்றாகத் தாமே முன்வந்தவர்கள் அவர்கள். உடலும் மனமும் திடமாக உள்ளவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். உலகப்போரின் நடுவே ஊரார் ஏச்சுக்கு அஞ்சாமல் துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்றவர்களிடம் மன உறுதி இல்லை என்று யார் சொல்வது? நாளாக நாளாக அவர்களுக்குப் பேச்சு, நினைவு எல்லாம் உணவாகிவிட்டது. சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். சிலர் விதியை மீறித் திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டுக் குற்ற உணர்வில் தவித்தார்கள். சோதனை முடிந்து தாராளமாக உணவு கிடைத்தபோது, வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் உடம்புக்கு முடியாமல் போகும்வரை தின்றவர்கள் உண்டு. இவர்களில் யாரும் இடுப்பளவைப் பற்றிக் கவலைப்பட்டு அங்கே வந்தவர்கள் அல்ல.

பட்டினி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். உணவுக் கட்டுப்பாடு செய்கிற எல்லோருக்கும் புலிமியா வருவதில்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு. பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்து வரும். எடையை வைத்துச் சின்ன வயதில் பட்ட கேலி பலரிடம் ஆறாமல் கிடக்கும். ஆனால் எது தொடங்கிவைத்திருந்தாலும், அன்றாடம் அதை ஓட்டிக்கொண்டிருப்பது இந்தப் பட்டினிச் சுழல்தான். சிகிச்சை அங்கேதான் கைவைக்கிறது.

நோயா, பழக்கமா என்றால், நோய்தான். லண்டனில் ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் தான் பார்த்த 30 பேரை வைத்து 1979இல் இதைத் தனி நோயாக விவரித்தார். கட்டுமீறி உண்பதும் அதை ஈடுகட்ட முயல்வதும் சராசரியாக வாரத்துக்கு ஒருமுறையாவது மூன்று மாதம் நடந்து, தன்னைப் பற்றிய மதிப்பே எடையிலும் உடல்வாகிலும் சிக்கிக்கொண்டிருந்தால் புலிமியா என்கிறது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு. உணவையே தவிர்த்துப் பட்டினி கிடக்கும் அனோரெக்சியா என்ற கோளாறில் உடல் மெலிந்து காட்டிக்கொடுத்துவிடும். இதில் எடை பெரும்பாலும் எல்லோரையும் போலவே இருப்பதால் ஆண்டுக்கணக்கில் பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. இளவரசி டயானா தனக்குப் புலிமியா இருந்ததை 1995இல் பிபிசி பேட்டியில் தன் வாயாலேயே சொன்னார். இது இளம்பெண்களின் நோய் என்று நினைப்பவர்களுக்கு: பிரிட்டனின் துணைப் பிரதமராக இருந்த ஜான் பிரெஸ்காட் தனக்கும் இது இருந்ததை 2008இல் வெளியே சொன்னார்.

இனி அவசரமானது. இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். வாந்தியும் மலமிளக்கியும் உடலிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். அது மிகக் குறைந்தால் இதயத் துடிப்பு தடம்புரளும். வெளிப்பார்வைக்கு நன்றாக இருப்பவருக்கும் இது நேரலாம். எனவே ரத்தத்தில் உப்புகளின் அளவும் ஒரு ஈசிஜியும் பார்க்க வேண்டும். மயக்கம், படபடப்பு, நெஞ்சுவலி, வாந்தியில் ரத்தம் என்று ஏதாவது இருந்தால் வாரம் வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாக வேண்டும் போலிருக்கிறதா என்று அவளிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

மலமிளக்கி பெருங்குடலில் வேலை செய்கிறது. உணவின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் ஏறிவிட்டிருக்கும். அதனால் போவது நீரும் உப்பும்தான். நிறுத்தியதும் சில நாட்கள் உடலில் நீர் கோத்து எடை ஏறியதுபோல் காட்டும். அது கொழுப்பல்ல, வடிந்துவிடும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்துபோய் மறுபடி மாத்திரையைத் தேடுவாள். எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். பற்களுக்கு ஒரு குறிப்பு: வாந்தி எடுத்த கையோடு பல் துலக்கக் கூடாது, அமிலத்தில் இளகிய எனாமல் தேய்ந்துபோகும். தண்ணீரில் கொப்பளித்தால் போதும்.

அடுத்து மனநல மருத்துவரும் உளவியலாளரும். உண்ணல் கோளாறுகளில் அனுபவம் உள்ளவரா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். அதிகச் சான்றுள்ள வழி, ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் என்ற மனநல மருத்துவர் இந்நோய்க்காக உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (CBT) என்னும் பேச்சுச் சிகிச்சை. பொதுவாக 20 வாரங்களில் 20 அமர்வுகள் வரை. பெயர் அச்சுறுத்தினாலும் தொடக்கம் எளிமையானது. மூன்று வேளை உணவு, இடையே இரண்டு மூன்று சிற்றுண்டி. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. பசிக்கிறதோ இல்லையோ, முந்தைய இரவு என்ன நடந்திருந்தாலும் சரி, அந்தந்த நேரத்தில் உண்ண வேண்டும். அவளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், எடை கட்டுக்கடங்காமல் ஏறும் என்று நடுங்குவாள். பெரும்பாலோருக்கு அப்படி ஏறுவதில்லை. இரவின் அடக்கமுடியாத வெறி வழக்கமாகச் சில வாரங்களிலேயே தளரத் தொடங்குகிறது. என்ன உண்டாள், அப்போது மனம் எப்படி இருந்தது என்று உடனுக்குடன் எழுதுவதும் உண்டு. எடை பார்ப்பது வாரத்துக்கு ஒருமுறை மட்டும். விலக்கிவைத்த உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பதும், எடைதான் நான் என்ற நம்பிக்கையைத் தட்டிப் பார்ப்பதும் பிறகு வரும். கடினமான பகுதி அந்தக் கடைசிதான்.

மருந்தும் உண்டு. ஃப்ளுஆக்ஸிடின் நாளுக்கு 60 மில்லிகிராம் வரை தருவார்கள். மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தொடங்கும் அளவைப் போல மூன்று மடங்கு. மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் இது உதவுகிறது. ஆனால் பேச்சுச் சிகிச்சைக்கு மாற்றாக அல்ல. 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று கவனிக்க வேண்டும். மனச்சோர்வுக்குத் தரும் பியூப்ரோபியான் என்ற மருந்து புலிமியா உள்ளவர்களுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடும் என்பதால் தரக்கூடாது. வாந்தி எடுப்பதை மறைத்துவிட்டு 'மனம் சரியில்லை' என்று மட்டும் மருத்துவரிடம் சொல்வதில் இப்படியும் ஆபத்து இருக்கிறது.

பலர் முழுதாக மீள்கிறார்கள், எல்லோரும் முதல் முறையிலேயே அல்ல. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஓர் இரவு மறுபடி நடக்கும். அடுத்த வேளை உணவை வழக்கம்போல அவள் உண்டுவிட்டால் அது ஓர் இரவோடு போய்விடும்.

வீட்டுக்கு வருகிறேன். அம்மாவின் காவல் அன்பில் விளைந்ததுதான். ஆனால் இந்த நோய்க்கு ஒளிவு மறைவுதான் தீனி. காவல் அதைக் கெட்டிக்காரத்தனமான ஒளிவாக மாற்றும். சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் துணைக்கு இருக்கட்டுமா என்று அவளிடமே கேட்டு, வேண்டும் என்றால் கூட உட்கார்ந்து வேறு எதையாவது பேசுவது வேறு. உந்துதல் பெரும்பாலும் அதற்குள் தணிந்துவிடும். அலமாரிப் பூட்டை எடுத்துவிடுங்கள். வீட்டில் யாருடைய எடையைப் பற்றியும் பேச்சு வேண்டாம். "இளைத்துவிட்டாயே, அழகாக இருக்கிறாய்" என்ற பாராட்டை நான் திட்டை விட மோசமாகக் கருதுகிறேன். முந்தைய இரவுக்கு அது தரும் நற்சான்றிதழ் அல்லவா?

முதல் சந்திப்புக்கு நீங்கள் உடன் போங்கள். வீட்டில் உங்களிடம்தான் முதலில் சொல்ல அவளுக்குத் தோன்றியிருக்கிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கும். மருத்துவர் அவளிடம் தனியாகப் பேசச் சற்று நேரம் விடுங்கள். அப்பாவை அடுத்த சந்திப்புக்கு அழைக்கலாம், அவள் ஒப்புக்கொண்டால். பொட்டாசியத்தைப் பற்றி மருத்துவர் வாயால் அவர் கேட்பது நல்லது. நம் வீடுகளில் ரத்தப் பரிசோதனைத் தாளுக்கு இருக்கிற மரியாதை மகளின் அழுகைக்கு இருப்பதில்லை.

அன்புடன்.