ஒரே சட்டம், 27 சுங்கத் துறை: டெல்டா ஏற்றுமதியாளர்களுக்குப் பதில்கள்

ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பும் நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டவை இவை. கஸ்டம்ஸ் புரோக்கராக இருந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

நாச்சியார்கோயில் விளக்கு வியாபாரி: அண்ணே, ஒரே குத்துவிளக்குதான். ஜெர்மனி பார்ட்டி சுங்க வகைப்பாட்டு எண் 9405 போடச் சொல்கிறார், ஸ்பெயின் பார்ட்டி 7418 என்கிறார். அங்கே எல்லாம் ஒரே சந்தைதானே?

சந்தை ஒன்றுதான் தம்பி. தங்களுக்குள் சுங்கவரி வேண்டாம், வெளியாருக்கு ஒரே வரி என்று 1968 ஜூலையிலேயே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முன்னோடியான ஆறு நாடுகள் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டன. இன்று ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் ஒரே சுங்கச் சட்டம், 2016 மே முதல் அமலில் இருக்கிறது. ஆனால் ஒன்றியத்துக்கென்று சுங்க அதிகாரி ஒருத்தர்கூடக் கிடையாது! கன்டெய்னரைத் திறப்பது அந்தந்த நாட்டு அதிகாரிதான். வசூலான வரியில் 25 சதவீதத்தை வசூல் செலவுக்கென்று அந்த நாடே வைத்துக்கொண்டு மீதியைப் பொதுக் கணக்கில் கட்டும்.

9405 விளக்குக்கு, 7418 செம்பு, பித்தளை வீட்டுச் சாமானுக்கு. எண்ணெய் விளக்கும் 9405-க்குள் வரும் என்பதால் ஜெர்மனிக்காரர் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. என் அபிப்பிராயம் அங்கே செல்லாது. பார்ட்டியை அவர் நாட்டுச் சுங்கத் துறையில் 'கட்டுப்படுத்தும் வகைப்பாட்டு முடிவு' கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஒரு நாடு கொடுத்தால் 27 நாடும் மூன்று வருஷத்துக்கு அதை மறுக்க முடியாது. ஆனால் வாங்கியவர் பெயருக்கு மட்டும்தான் செல்லும், ஸ்பெயின்காரர் தனக்குத் தனியாக வாங்க வேண்டும்.

மன்னார்குடி அரிசி ஆலைக்காரர்: நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் பயிர் மருந்து எச்சம் என்று நிறுத்தினால், பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்புக்குத் திருப்பிவிடலாமா?

நடக்காது. ஒரு துறைமுகம் நிராகரித்த தகவல் எச்சரிக்கை வலைப்பின்னலில் மற்ற நாடுகளுக்கும் போய்விடும். குலைநோய்க்கு அடிக்கிற ட்ரைசைக்ளசோல் மருந்துக்கு 2018-இலிருந்து கிலோ அரிசிக்கு 0.01 மில்லிகிராம்தான் வரம்பு, முன்பு 1 மில்லிகிராம். கொள்முதலுக்கு முன்னால் வயலில் என்ன அடித்தார்கள் என்று கேளுங்கள். ஆலைக்கு வந்தபிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

கும்பகோணம் ஜவுளி ஏற்றுமதியாளர்: கெடுபிடி இல்லாத துறைமுகமாகப் பார்த்து இறக்கலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட்.

அந்த ஏஜென்ட்டை விட்டு விலகுங்கள். தண்ணீர் பள்ளத்தைத் தேடுகிற மாதிரி, சீனத் துணியும் செருப்பும் விலை குறைத்துக் காட்டப்பட்டு ஒரு காலத்தில் பிரிட்டன் வழியாகக் குவிந்தன. மற்ற நாடுகள் இறுக்கியபோது பிரிட்டன் இறுக்கவில்லை. ஒன்றியத்தை விட்டுப் போன பிறகும் வழக்கு விடவில்லை. 2022 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டன் கடமை தவறியது என்று தீர்ப்புச் சொன்னது. தண்டனையும் நாட்டுக்கு நாடு வேறு. ஓரிடத்தில் அபராதத்தோடு போவது இன்னோரிடத்தில் கிரிமினல் வழக்காகும்.

சுவாமிமலை ஸ்தபதி: புதிதாக வார்த்த நடராஜர், பழசு என்று பிடித்துக்கொள்வார்களா?

ஐயா, 2025 ஜூன் 28 முதல் 250 வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளுக்கு இறக்குமதி உரிமம் கேட்கிறார்கள். உங்கள் சிலைக்கு அது வேண்டாம். ஆனால் பச்சைக் களிம்பு ஏற்றிய சிலையைப் பார்க்கும் அதிகாரிக்கு நேற்று வார்த்ததா, சோழர் காலமா என்று எப்படித் தெரியும்? இன்வாய்ஸில் 'ஆன்டிக் ஃபினிஷ்' என்று எழுதவே எழுதாதீர்கள். தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழோடு மெழுகுச் சிலை, வண்டல்மண் பூசிய அச்சு, வார்ப்பு மூன்றின் படங்களையும் வையுங்கள்.

காரைக்கால் அம்மா: பாரிஸில் மகள் வீட்டுக்குப் போகிறேன், ஃபிராங்க்ஃபர்ட் வழி. நெய், கறிவேப்பிலை?

இரண்டும் வேண்டாம்மா. பால் பொருள் கூடாது. பயிர் நலச் சான்றிதழ் இல்லாமல் இலையும் கூடாது. வாழைப்பழம், தேங்காய்க்கு விலக்கு உண்டு. கைப்பையை ஃபிராங்க்ஃபர்ட்டிலும், பாரிஸ் வரைக்கும் போட்ட பெட்டியைப் பாரிஸிலும் சோதிப்பார்கள்.