பட்டறை பதில்கள்: கட்டபொம்மன் வாளுக்குத் துரு எதுக்கு?

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஊர் கோயில் கொடைக்கு கட்டபொம்மன் நாடகம் போடுதோம். வாள் நான்தான் செஞ்சேன், வெல்டிங் பட்டறையில 3 எம்எம் எம்.எஸ். (சாதா இரும்பு) பிளேட்ல வெட்டி வாங்கி பித்தளைக் கைப்பிடியும் மாட்டியாச்சு, ஆனா நேத்து கடையில வாங்குன சாமான் மாதிரி பளபளன்னு இருக்கு. வினிகரும் உப்பும் ஊத்தி துரு ஏத்திரலாம்னு பசங்க சொல்லுதாங்க. செய்யலாமா?
(கயத்தாறு பக்கத்து வாசகர்)

பதில்: துரு வேண்டாம் தம்பி. கட்டபொம்மனை கயத்தாத்துல தூக்குல போட்டது 1799 அக்டோபர் 16, உங்க நாடகம் நடக்குறதும் அந்தக் காலத்துலதான, அப்போ அவர் கையில இருந்த வாள்ல இருநூறு வருசத் துரு எங்க இருந்து வரும்? தெனமும் எண்ணெய் போட்டு துடைச்சு வச்சிருந்த ஆயுதம் அது. நல்லாப் புழங்குன வாளாத் தெரிஞ்சா போதும், அதுக்குத் தேவை கருப்பும் தேய்மானமும்தான்.

முதல்ல கிரைண்டர் இழுத்த கோடுகளை எடுங்க. புதுசுன்னு காட்டிக் குடுக்குறதே அதுதான். 80 நம்பர் எமரித் தாள் (உப்புத்தாள்), பொறவு 120, 220ன்னு வாளோட நீளவாக்குலயே தேய்ங்க, பிளேட்டு மேல இருக்குற கருஞ்சாம்பல் தோலும் முழுசா போயிரணும், இல்லன்னா கருப்பு திட்டுத்திட்டாத்தான் பிடிக்கும். தின்னரை வச்சு துடைச்ச பொறவு வெறுங்கையால தொடாதீங்க, கைரேகை பட்ட இடத்துல மருந்து ஏறாது.

அடுத்து வினிகர்ல ஊறப் போடுங்க. சில மணி நேரத்துல பளபளப்பு செத்து சாம்பல் நிறம் வரும். தண்ணியில அலசிட்டு, நாட்டு மருந்துக்கடையில கிடைக்குற கடுக்காய்ப் பொடியை கெட்டியா கொதிக்க வச்சு சூடா பிரஷ்ல தடவுங்க. கடுக்காயில இருக்குற டானின் இரும்போட சேர்ந்தா நீலம் கலந்த கருப்பு வந்துரும், அந்தக் காலத்துல மை செஞ்சது, துணிக்கு கருஞ்சாயம் போட்டது எல்லாம் இந்த வித்தையிலதான். வேணுங்குற கருப்பு வந்ததும் ஆப்பசோடா கலந்த தண்ணியில கழுவி வெயில்ல உடனே காய வைங்க, இல்லன்னா மிச்சமிருக்குற புளிப்பு உள்ள இருந்து வேலை செஞ்சு நீங்க கேக்காமலே துரு வந்துரும்.

இப்போ 600 எமரியில ரெண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டு, விளிம்பையும் நடு முதுகையும் மட்டும் லேசா வெளுக்க விடுங்க. பள்ளத்துல கருப்பு அப்படியே நிக்கட்டும். வெட்டுத்தழும்பு போடுறவங்க அரத்தை ஒரே சீரா இழுத்துருவாங்க, அது பாக்க ரம்பப் பல்லு மாதிரி ஆயிரும். நிஜத் தழும்பு ஒண்ணு ஆழமா, பக்கத்துலயே ஒண்ணு சாய்வா, கொஞ்ச தூரம் ஒண்ணுமே இல்லாம, இப்படி ஒழுங்கில்லாம இருக்கும், உள்பக்கம் கருத்தும் இருக்கும். அதனால கருப்பு ஏத்துறதுக்கு முன்னாடியே தழும்பைப் போட்டுருங்க. விளிம்பையும் நுனியையும் மழுக்கி உருட்டுறது கட்டாயம், சண்டைக் காட்சிக்கு மரத்துல தனியா ஒரு வாள் வச்சுக்கோங்க, மேடையில பிள்ளைங்க நிக்குது.

கைப்பிடிக்கு அம்மோனியா புகை. பித்தளையில வார்னிஷ் இருந்தா தின்னர்ல எடுத்துட்டு, மூடி போட்ட பக்கெட்டுக்குள்ள சின்ன கிண்ணத்துல அம்மோனியாவை வச்சு, கைப்பிடியை அதுல படாம மேல தொங்க விடுங்க. வீட்டுக்குள்ள வேண்டாம், திறந்த வெளியில மட்டும், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கிட்டு. அடிக்கடி எட்டிப் பாத்து பழுப்பு வந்ததும் எடுத்துருங்க, ரொம்ப நேரம் விட்டா வளைச்சுத் தட்டுன பித்தளை கீறல் விட்டுரும். வெள்ளைக்காரன் பட்டாளத்துல மழைக்காலத்துல குதிரை லாயத்துல வச்சிருந்த பித்தளைத் தோட்டாவெல்லாம் தானா கீறல் விட்டுச்சு, குதிரை மூத்திரத்துல இருந்து கிளம்புன அம்மோனியாதான் காரணம். கடைசியா உள்ளங்கை படுற இடத்தை மட்டும் புளி போட்டு மினுக்குங்க, விரல் போகாத இடுக்கு கருப்பாவே கெடக்கட்டும். பாக்குறவங்க கண்ணு முதல்ல கைப்பிடிக்குத்தான் போகும், அதனால இதுல அவசரமே படாதீங்க.

கேள்வி: பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஆதிச்சநல்லூர்ல எடுத்த மாதிரி ஒரு இரும்பு ஈட்டிமுனை செய்யணும். அதுக்கும் கடுக்காய்தானா?
(ஸ்ரீவைகுண்டம் ஆசிரியை)

பதில்: இல்ல டீச்சர், இதுக்குத்தான் துரு வேணும். மண்ணுக்குள்ள கெடந்த இரும்பு கூர் எல்லாம் போயி பொருக்குப் பொருக்கா உப்பியிருக்கும். எழும்பூர் மியூசியத்துல, தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரியா ஆதிச்சநல்லூர்ல தோண்டி எடுத்த சாமான்கள் இருக்கு, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா நேர்லயே காட்டலாம். மெடிக்கல்ல கிடைக்குற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுல கொஞ்சம் வினிகரும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து தெளிங்க, கண்ணு முன்னாடியே சிவப்பு ஏறும், காய வச்சு திரும்பத் திரும்பத் தெளிச்சா பொருக்கு கட்டும். கலந்ததை பாட்டில்ல மூடி வைக்காதீங்க, வாயு சேர்ந்து வெடிக்கும். பிளீச்சிங் பவுடரை இது பக்கத்துலயே கொண்டுவரக் கூடாது, வினிகரோட சேர்ந்தா குளோரின் வாயு வந்துரும். மேல ஒட்ட வைக்குற மண்ணுக்கு தேரி மண் சிவப்பா அழகா இருக்குன்னு அள்ளிராதீங்க, ஆதிச்சநல்லூர் பரம்பு (மேடு) சரளைக்காடு, அந்த நிறத்துலதான் இருக்கணும். பின்பக்கம் 'மாதிரி'ன்னும் செஞ்ச வருசத்தையும் ஆணியால கீறி வச்சுருங்க.

கேள்வி: அலுமினியக் கிரீடத்துக்கு துரு ஏறவே மாட்டேங்குதே?
(மேலப்பாளையம் வாசகர்)

பதில்: ஏறாது தம்பி, செந்துரு இரும்புக்கு மட்டும்தான். கருப்பு அக்ரிலிக் பெயிண்டை தண்ணியா கரைச்சு பூசி, காயுறதுக்கு முன்னாடி துணியால மேட்டை மட்டும் துடைச்சு எடுங்க.