மக்கானா: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: மக்கானாப் பொரி பாக்கெட்டில் 'தாமரை விதை' என்று போட்டிருக்கிறதே, உண்மையா அண்ணா?

இல்லைம்மா, இரண்டும் வேறு வேறு செடி. தாமரை விதை பூவின் நடுவே இருக்கும் பொகுட்டில் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கும். மக்கானா அல்லிக் குடும்பம். தாவரவியல் பெயர் யூரியேல் ஃபெராக்ஸ். இலை தண்ணீர்மேல் தட்டையாக விரிந்து கிடக்கும், ஒரு மீட்டர் அகலத்தையும் தாண்டும். புரட்டிப் பார்த்தால் அடியில் கத்தரிப்பூ நிறம், நரம்பெல்லாம் முள். காயிலும் முள்தான்.

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தில் போடலாமா சார்?

மாடும் பிள்ளைகளும் இறங்குகிற குளம் என்றால் வேண்டாம், முள் காலைக் கிழித்துவிடும். பெரும்பகுதி விளைவது பீகாரில், தர்பங்கா, மதுபனி பக்கம். 2022-இல் அந்த வட்டாரத்து 'மிதிலா மக்கானா' புவிசார் குறியீடு பெற்றது.

கேள்வி: பொரிக்குப் போய் இவ்வளவு விலையா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காய் வெடித்ததும் விதை சில நாள் மிதந்து, அப்புறம் சேற்றில் அடங்கிவிடும். படகோட்டி, மீன் பிடிக்கும் மல்லா சமூகத்தார் மூச்சை அடக்கி மூழ்கி, சேற்றோடு கூட்டி மூங்கில் கூடையில் அள்ளி அலசுவார்கள். இப்போது ஓரடித் தண்ணீர் கட்டிய வயலிலும் பயிரிடுகிறார்கள். அங்கே மூழ்கும் பாடு இல்லை.

கறுத்த விதையைக் காயவைத்து, சல்லடையில் அளவுவாரியாகப் பிரித்து, இரும்புச் சட்டியில் வறுத்து, இரண்டு மூன்று நாள் ஆறப்போட்டு, மறுபடி வறுக்க வேண்டும். தர்பங்கா அருகே ஒரு வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கொதிக்கிற சட்டியிலிருந்து வெறுங்கையால் ஐந்தாறு விதை எடுத்து, பலகையில் வைத்து, மரக்கட்டையால் ஒரே அடி. ஓடு தெறிக்க, உள்ளே இருந்தது வெள்ளையாகப் பொரிந்து வந்தது. சூடு ஆறினால் பொரியாது, அதனால்தான் வெறுங்கை. அந்த அம்மாவின் விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. இயந்திரங்களும் வந்திருக்கின்றன, எல்லா வீட்டுக்கும் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும்.

கேள்வி: சர்க்கரை உள்ளவர்கள் இஷ்டத்துக்குச் சாப்பிடலாமாமே?

அப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள். எடையில் முக்கால் பங்கு மாவுச்சத்து. கொழுப்பு மிகக் குறைவு, புரதம் ஓரளவு உண்டு, நல்ல நொறுக்குத்தீனிதான். ஆனால் எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வாங்கி வந்ததும் நமுத்துவிட்டது. அக்கா சொன்னபடி நெய்யில் போட்டும் சரியாகவில்லை.

முதலில் வெறும் சட்டி, சிறு தீ, பத்து நிமிடம். ஒன்றை எடுத்து நசுக்கினால் நொறுங்க வேண்டும். அப்புறம்தான் நெய், உப்பு, மிளகு.