12 ஆண்டு ஒப்பந்தப் பணி, இப்போது ஏஜென்சி: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஊர் மார்த்தாண்டம். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் 12 ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியல், நேர்காணல் வழியாகத்தான் சேர்ந்தேன். 11 மாதத்துக்கு ஒருமுறை ஒருநாள் நிறுத்திவிட்டுப் புது ஒப்பந்தம் போடுவார்கள். இந்த முறை, ‘இனி ஏஜென்சி வழியாகத்தான் சம்பளம், கையெழுத்துப் போடுங்கள்’ என்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: சகோதரி, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால், ‘இவர் எங்கள் ஊழியரே இல்லை’ என்று நாளை நீதிமன்றத்தில் சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். அவகாசம் கேட்டு எழுதிக் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வேலைக்குப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

உங்களுக்கு எதிராக 2006-ம் ஆண்டின் உமாதேவி தீர்ப்பைக் காட்டுவார்கள். முறையான தேர்வின்றிப் பின்வாசல் வழியாக வந்தவர்களுக்குப் பணிநிரந்தர உரிமை இல்லை என்றது உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு. 10 ஆண்டு முடித்தவர்களுக்கு அதில் தந்த விலக்கும் அன்று பணியில் இருந்தவர்களுக்கானது. நீங்கள் அதற்குப் பிறகு சேர்ந்தவர். இந்தத் தடையைச் சிறிதாக எண்ண வேண்டாம்.

உங்கள் பலம் 2024 டிசம்பர் 20 அன்று வந்த ஜக்கோ வழக்கின் தீர்ப்பு. மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டு துப்புரவுப் பணியும் தோட்டப் பணியும் செய்தவர்களை 2018-ல் நிறுத்திவிட்டு, அந்த வேலையை ஏஜென்சியிடம் கொடுத்தார்கள். நிரந்தரத் தேவையுள்ள வேலைக்குத் தற்காலிகம் என்று பெயர் சூட்டுவதையும், உமாதேவி தீர்ப்பை நீண்டகால ஊழியர்களுக்கு எதிராகத் திருப்புவதையும் உச்ச நீதிமன்றம் கண்டித்து, அவர்களை மீண்டும் சேர்த்துப் பணிவரன்முறை, அதாவது பணிநிரந்தரம், செய்ய உத்தரவிட்டது. ஆனால் வெளியே இருந்த காலத்துக்குச் சம்பளம் தரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், வெளியே அனுப்பும் முன்பே நீதிமன்றம் போய்விடுங்கள்.

அதற்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுங்கள். எந்த அரசாணைப்படி உங்களை எடுத்தார்கள், அனுமதிக்கப்பட்ட லேப் டெக்னீஷியன் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். காலியிடம் இருந்தால் வழக்கு வலுக்கும். ஒப்பந்தம் அதற்குள் முடிவதாக இருந்தால் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். நேர்காணல் கடிதம், ஒப்பந்தங்கள், வருகைப் பதிவேடு, வங்கிக் கணக்கு எல்லாவற்றின் நகலும் வீட்டில் இருக்கட்டும். அந்த ஒருநாள் இடைவெளி வெறும் கண்துடைப்பு என்பதை இவைதான் காட்டும்.

ரிட் மனு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில். ஏஜென்சிக்கு மாற்ற இடைக்காலத் தடையும், பணிவரன்முறையும் கேளுங்கள். நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலைக்கு அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று 2016-ல் ஜக்ஜித் சிங் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது; அதையும் சேர்த்துக் கேளுங்கள். நிலுவை பெரும்பாலும் மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும்.

தமிழ்நாட்டின் 1981-ம் ஆண்டுச் சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்று யாராவது சொல்லக்கூடும். அது தோட்டம், தொழிற்சாலை, போக்குவரத்து போன்ற நிறுவனங்களுக்கானது. அதை நம்பி நீங்கள் இறங்க வேண்டாம்.

வக்கீல் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் மதுரைக்கு வழிகாட்டுவார்கள். ஒப்பந்தம் முடியும் தேதியை அவர்களிடம் முதலில் சொல்லுங்கள்.