வாசகர் கேள்வி பதில்: சம்பா கோவிலும் கடல் திருப்பித் தந்தவர்களும்

கேள்வி: புதுச்சேரி மிஷன் வீதியிலுள்ள பேராலயத்தை என் பாட்டி 'சம்பா கோவில்' என்றுதான் சொல்வார். அந்தப் பெயர் எப்படி வந்தது? அதை மூன்று முறை இடித்தார்கள் என்பது உண்மைதானா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சம்பா நெல்லுக்கும் அந்தப் பெயருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அங்கே சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குருக்கள் வைத்திருந்த தூய பவுல் ஆலயத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 'சேன் போல்' என்று உச்சரிக்க, அது ஊரார் வாயில் புழங்கிப் புழங்கிச் 'சம்பா' ஆயிற்று. இன்றைய பேராலயம் அமல உற்பவ அன்னையான மரியாளுக்கு உரியது. பழைய பவுலை விடாமல் வைத்திருப்பது உங்கள் பாட்டி போன்றவர்களின் பேச்சுதான்.

இடிபட்ட கணக்கை மட்டும் சற்றுத் திருத்த வேண்டும். 1692இல் பதினான்காம் லூயி மன்னரின் பொருளுதவியுடன் எழுந்த முதல் ஆலயம் மறு ஆண்டே ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கையில் அழிந்தது. 1699இல் அவசரமாகக் கட்டிய இரண்டாவது நெடுநாள் நிற்கவில்லை. 1728 முதல் 1736 வரை பெரிதாகக் கட்டிய மூன்றாவதை, 1761இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். ஆக, பகைவர் இடித்தவை இரண்டே. நீங்கள் பார்ப்பது நான்காவது. 1770இல் தொடங்கி, இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, 1791இல்தான் அது அர்ச்சிக்கப்பட்டது, அதாவது வழிபாட்டுக்கெனப் புனிதப்படுத்தப்பட்டது. முகப்பின் எதிரே நின்று அண்ணாந்து பாருங்கள்: தூண்கள் இரண்டிரண்டாகவே நிற்கும்; கீழ்நிலைத் தூண்களின் தலை வேலைப்பாடில்லாமல் இருக்க, மேல்நிலைத் தூண்களின் தலை சுருண்டிருக்கும்.

இந்தக் கணக்கைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. தூய பவுல் ஆலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோவில், ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த 1748 செப்டம்பரில், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் ஆட்சியில் இடிக்கப்பட்டது. அவருடைய துபாஷியான (மொழிபெயர்ப்பாளரும் இடையாளுமான) ஆனந்தரங்கப் பிள்ளை அதைத் தம் நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அக்கோவில் பின்னர் வேறிடத்தில் எழுந்து இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. ஆலயத்தைப் பார்க்கிறவர்கள் அங்கேயும் ஒரு நடை போய் வருவதே முறை.

கேள்வி: மணக்குள விநாயகரைப் பிரெஞ்சுக்காரர்கள் கடலில் எறிந்தும் அவர் திரும்பி வந்துவிட்டார் என்கிறார்களே, ஆதாரம் உண்டா?
– அதே வாசகி

பதில்: அதை ஐதீகம் என்று கொள்வதே சரி, நாட்குறிப்பில் பதிவான செய்தியோடு அதை ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் கடலூர்க்காரரான உங்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்க நியாயமில்லை. கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர், 'நற்றுணையாவது நமச்சிவாயவே' என்று பாடி, அந்தக் கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூர் அருகே கரையேறினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. உங்கள் ஊரில் கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வேளாங்கண்ணியிலோ புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகளை அன்னை கரைசேர்த்தார் என்பது நம்பிக்கை. கடலுக்குப் போனவர் திரும்புவாரா என்று கரையிலேயே காத்திருந்து பழகிய மக்கள், தங்கள் தெய்வத்தைப் பற்றியும் அடியாரைப் பற்றியும் வேறெந்தக் கதையை இத்தனை உரிமையோடு சொல்லியிருப்பார்கள்?

கேள்வி: ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முடியுமா?
– அதே வாசகி

பதில்: தாராளமாக. காலையில் விநாயகரை வணங்கிவிட்டு, பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே நடந்தால் மிஷன் வீதி வந்துவிடும். ரயில் நிலையத்தருகே சிவப்பும் வெள்ளையுமாக நிற்பது இருதய ஆண்டவர் பசிலிக்கா. பலர் அதைப் பார்த்துவிட்டுச் சம்பா கோவிலைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சம்பா கோவிலைத் திருவிழாவோடு பார்க்க விரும்பினால் டிசம்பர் 8ஆம் தேதியை ஒட்டிச் செல்லுங்கள்.